ப்ரொபேஷனில் லீவு போடக் கூடாது

அப்பா அடிக்கடி சொன்னவற்றில் அவள் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான்: "ப்ரொபேஷன்ல இருக்கும்போது லீவு போடக் கூடாதும்மா."

அவர் 1974-ல் தபால் துறையில் எழுத்தராகச் சேர்ந்தவர். 2 ஆண்டுகள் ப்ரொபேஷன். காய்ச்சலோடு கவுன்ட்டரில் உட்கார்ந்து மணியார்டர் ஃபாரம் வாங்கிய கதையை வீட்டில் எல்லோரும் நூறு முறையாவது கேட்டிருப்பார்கள். அந்த 2 ஆண்டுகளில் அவர் எடுத்தது ஒரே ஒரு நாள் லீவு, அதுவும் தங்கையின் கல்யாணத்துக்காக. வேலை நிரந்தரமான கடிதம் கையில் கிடைத்த அன்று, திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் அரைக் கிலோ அல்வா வாங்கி சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம்.

அதனால் 2011-ல், அமெரிக்காவின் நடுப்பகுதியில் சோளக் காடுகள் சூழ்ந்த ஓர் ஊரின் அரசுப் பல்கலைக்கழகத்தில் மகளுக்கு உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தபோது, அவர் கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது அல்ல.

"ப்ரொபேஷன் எத்தனை வருஷம்?"

"ஆறு வருஷம்ப்பா."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஆறா? கலெக்டருக்கே ரெண்டு வருஷம்தானேம்மா!"

அந்த ஆறு வருடத்தின் முடிவில் கிடைக்கும் நிரந்தரத்துக்கு அங்கே 'டென்யூர்' என்று பெயர். ஆறாவது ஆண்டில் ஆராய்ச்சி, பாடம் நடத்துவது, நிர்வாகப் பணி என எல்லாவற்றையும் ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். துறை ஓட்டுப் போடும். பிறகு கல்லூரிக் குழு, டீன், பல்கலைக்கழக நிர்வாகம் என்று படிப்படியாக மேலே போகும். இதற்கிடையே, வேறு பல்கலைக்கழகங்களில் அதே துறையில் இருக்கும் மூத்த பேராசிரியர்களிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்பார்கள். அவர்களில் பலரை இவள் நேரில் பார்த்திருக்கக்கூட மாட்டாள். 'ஆம்' என்றால் நிரந்தரம். 'இல்லை' என்றால் பெரும்பாலான இடங்களில் இன்னும் ஓர் ஆண்டு வேலை, அதற்குப் பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 'பரவாயில்லை, இப்படியே உதவிப் பேராசிரியராக இருந்துவிட்டுப் போகிறேன்' என்றெல்லாம் சொல்ல முடியாது.

இவ்வளவு கடுமையான ஏற்பாடு எதற்கு? அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1900-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ராஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் வேலையை இழந்தார். அவருடைய கருத்துகள், பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை. அதை எதிர்த்து வேறு சில பேராசிரியர்களும் வேலையை விட்டார்கள். அப்படி வெளியேறிய ஆர்தர் லவ்ஜாய், 1915-ல் தத்துவ அறிஞர் ஜான் டூயியுடன் சேர்ந்து அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு ஒரு சங்கம் தொடங்க முன்னின்றார். அந்தச் சங்கம், கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்றுடன் சேர்ந்து 1940-ல் வெளியிட்ட அறிக்கைதான் தகுதிகாண் காலம் 7 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. உண்மையைச் சொன்னதற்காக ஒருவர் வேலையை இழக்கக் கூடாது. டென்யூரின் அடிப்படை அதுதான்.

அவளுடைய ஆராய்ச்சிக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவள் படித்தது நிலத்தடி நீர். சோள வயலில் போடும் உரத்திலிருந்து நைட்ரேட் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறுகளில் எப்படிக் கலக்கிறது என்பதைக் கணக்கிடுவது அவள் வேலை. குடிநீரில் நைட்ரஜன் அளவில் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க அரசின் விதி. தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ஆனால், வீடுகளின் சொந்தக் கிணறுகள் அந்த விதிக்குள் வராது. ஆக, யாராவது போய்ச் சோதித்துச் சொன்னால்தான் உண்டு. விவசாயத்தை நம்பி வாழும் ஊரில் உரத்தைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் பிடிக்கும் காரியம் அல்ல.

"யூரியா மூட்டைய சுமந்தே வளர்ந்த ஊர்லேருந்து போயி, அங்கயும் யூரியாவா?" என்று அப்பா சிரித்தார்.

முதல் ஆண்டு தலைகால் புரியாமல் ஓடியது. சம்பளம் 9 மாதத்துக்குத்தான். கோடை 3 மாதத்துக்கு வேண்டுமென்றால் ஆராய்ச்சி நிதியிலிருந்து அவளே தேடிக்கொள்ள வேண்டும். ஆய்வகம் அமைக்கத் தொடக்க நிதி கொடுத்தார்கள். அது தீர்வதற்குள் வெளி நிதி வந்தாக வேண்டும். வராவிட்டால் அவளை நம்பி வந்த மாணவர்களுக்கு உதவித்தொகை நின்றுவிடும்.

பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் மதிப்பெண்ணும் வந்தது. 'ரொம்ப வேகமாகப் பேசுகிறார்' என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒருவர், 'இவருக்குப் பாடம் தெரிகிறது, எங்களைத்தான் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று அவள் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் 4 வயது மகன் காத்துக்கொண்டிருந்தான்.

துறையில் மூத்த பேராசிரியை ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவளுக்கு வாய் வரவில்லை. 'ப்ரொஃபசர்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர்தான் இரண்டாவது ஆண்டில் ஒரு நாள் இவளை நிறுத்திக் கேட்டார்: "எத்தனை கமிட்டியில் இருக்கிறாய்?"

"ஐந்து."

"மூன்றிலிருந்து விலகு. துறையில் பெண்கள் குறைவு, வெளிநாட்டுக்காரர்கள் குறைவு. அதனால் ஒவ்வொரு கமிட்டிக்கும் உன்னைத்தான் கேட்பார்கள். ஓட்டுப் போடும்போது அதையெல்லாம் யாரும் எண்ண மாட்டார்கள்."

யாராவது கேட்டால் மறுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். 'இந்த ஆண்டு முடியாது' என்ற ஒரு வரி மின்னஞ்சலை எழுத அவளுக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது.

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, டென்யூர் பெறாத உதவிப் பேராசிரியர்களுக்கென்றே 1995-லிருந்து ஒரு நிதி வழங்குகிறது. 5 ஆண்டுகளுக்குக் குறைந்தது 4 லட்சம் டாலர். இளம் பேராசிரியர்களுக்கு அது பணம் மட்டுமல்ல, பெரிய மரியாதையும்கூட. ஒருவர் 3 முறைதான் விண்ணப்பிக்கலாம். அவள் 2 முறை விண்ணப்பித்தாள். 2 முறையும் இல்லை என்று வந்தது. மூன்றாம் ஆண்டு இடைக்கால மதிப்பீட்டுக் கடிதத்தில், 'முன்னேற்றம் இருக்கிறது, வெளி நிதியில் கவனம் தேவை' என்று இருந்தது. அவள் கண்ணுக்கு அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் தெரிந்தது.

அவளுக்கு விசாக் கவலை வேறு. பல்கலைக்கழக வேலைக்கு வாங்கும் ஹெச்-1பி விசாவுக்கும் பொதுவாக 6 ஆண்டுதான் கெடு. கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குக் காத்திருப்பு நீளம். ஊருக்குப் போனால் சென்னைத் தூதரகத்தில் புதிய விசா முத்திரை வாங்கித்தான் திரும்ப வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். அதனால் மூன்றரை ஆண்டாக அவள் ஊர்ப்பக்கமே போகவில்லை. சனிக்கிழமை ராத்திரி அவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுக்கு. போனில் மட்டும் பேச்சு.

2015 ஜனவரியில் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினான். கூடவே ஒரு வரி: 'மாமா இப்ப நல்லா நடக்கிறாரா?'

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு அழ ஆரம்பித்தாள். நவம்பரில் அப்பாவுக்கு லேசான பக்கவாதம் வந்திருக்கிறது. தஞ்சாவூரில் 5 நாள் மருத்துவமனையில் வைத்திருந்திருக்கிறார்கள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நான் என்ன பண்றது? 'அவ ப்ரொபேஷன்ல இருக்கா, சொன்னா கிளம்பி வந்துடுவா, சொல்லக் கூடாது'ன்னு உங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு."

ஐந்து நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவர், அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவளோடு போனில் பேசியிருக்கிறார். "ஜலதோஷம்மா, அதான் குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அன்று அவள் ஒரு கட்டுரைத் திருத்தத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தாள். இரண்டு நிமிடத்தில் போனை வைத்திருந்தாள்.

பிப்ரவரியில் இரண்டாவது முறை வந்தது. இந்த முறை பலமாக. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு குழறியது. பருவத்தின் நடுவில், வகுப்புகளை எப்படி விடுவது என்று தயங்கிக்கொண்டு மூத்த பேராசிரியையின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "உன் வகுப்பை நான் எடுக்கிறேன். டிக்கெட் போட்டாயா?" என்றார்.

7 வாரம் ஊரில் இருந்தாள். 4 வாரம் அப்பாவுக்காக. மீதி 3 வாரம், விசா 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற ஒற்றை வரிக்காக. பிசியோதெரபிஸ்ட் வந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவார். மாலையில் அவள் அவரைத் திண்ணையில் உட்கார வைப்பாள்.

அப்படி ஒரு மாலையில்தான் அத்தை வந்தாள். பழைய கதைகள் ஓடின. ப்ரொபேஷன் கதையும் வந்தது. "ஒரு நாள் லீவு போட்டேன், உன் கல்யாணத்துக்கு" என்று அப்பா குழறியபடியே பெருமையோடு சொன்னார்.

"ஆமா, போட்ட!" என்றாள் அத்தை. "தாலி கட்டறப்ப நின்ன. பந்தியில உன்னைத் தேடுறேன், ஆளைக் காணோம். பஸ் புடிச்சுப் போயிட்ட. அண்ணன் இல்லாமதான் நான் புகுந்த வீட்டுக்குக் கிளம்பினேன்."

நாற்பது ஆண்டுகளாக அத்தை இதைச் சொன்னதில்லை. அல்லது, இவள் காதில் விழும்படி சொன்னதில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை.

அன்று ராத்திரி அவள் கேட்டாள். "ஏம்ப்பா, லீவு போட்டா என்ன பண்ணியிருப்பாங்க? வேலைய விட்டுத் தூக்கியிருப்பாங்களா?"

அப்பா யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "தூக்க மாட்டாங்க. போட்ட லீவுக்குத் தகுந்த மாதிரி ப்ரொபேஷன் தள்ளிப்போகும். அவ்வளவுதான்."

"அப்ப ஏன் அவ்வளவு பயந்தீங்க?"

அவரிடம் பதில் இல்லை.

ஏப்ரலில் அவள் திரும்பியதும் மூத்த பேராசிரியை முதலில் சொன்னது, "கடிகாரத்தை நிறுத்து" என்பதுதான். பல பல்கலைக்கழகங்களின் விதிப் புத்தகத்தில் அது இருக்கிறது. குழந்தை பிறந்தால், கடும் நோய் வந்தால், குடும்பத்தில் ஒருவரைக் கவனிக்க வேண்டியிருந்தால், டென்யூர் கணக்கில் ஓர் ஆண்டைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். அவளுடைய பல்கலைக்கழகத்திலும் இருந்தது. நான்கு ஆண்டாக அந்தப் புத்தகம் அவள் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

"வேண்டாம்" என்றாள் அவள். கேட்டால் பலவீனம் என்று நினைப்பார்கள். ஓர் ஆண்டு கூடுதலாக எடுத்தவளிடம் ஓர் ஆண்டு கூடுதல் வேலையை எதிர்பார்ப்பார்கள். கோப்பைப் படிக்கப்போகும் யாரோ ஒருவர் புருவத்தை உயர்த்துவார்.

மூத்தவர் சிரிக்கவில்லை. "எனக்கு இரண்டு குழந்தைகள். இரண்டு முறையும் நான் கேட்கவில்லை. யாரும் என்னைப் பாராட்டவும் இல்லை" என்றார்.

இப்படித் தயங்கியவர்கள் ஏராளம். அதனால்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2005-ல், குழந்தை பிறந்தாலோ தத்தெடுத்தாலோ யாரும் விண்ணப்பிக்கவே வேண்டாம், ஓர் ஆண்டு தானாகவே கூடும் என்று விதியை மாற்றியது. கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்தால், மிகவும் தேவைப்படுபவர்கள்தான் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

அவளுக்குத் திண்ணையில் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. தள்ளிப்போகும். அவ்வளவுதான்.

ஒரு பக்க விண்ணப்பம்தான். எழுத 3 வாரம் ஆனது. அனுமதி 2 நாளில் வந்தது. வெளியிலிருந்து கருத்துச் சொல்பவர்களிடம், வழக்கமான 6 ஆண்டுக் கணக்கிலேயே இவரை மதிப்பிடுங்கள் என்று கடிதத்தில் குறிப்பிடுவோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்த ஓர் ஆண்டு மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. சரிசெய்யவும் செய்யாது. அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளைப் பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாதிரி கொடுத்த கூடுதல் ஆண்டு ஆண்களுக்கு டென்யூர் கிடைக்க உதவியது, பெண்களுக்கு வாய்ப்பு குறைந்தது என்று காட்டியது. அவகாசம் கிடைத்தால் போதாது, அது எதில் செலவாகிறது என்பதும் இருக்கிறது.

அவள் நாளை மாற்றியமைத்தாள். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த, அமிர்தசரஸில் வளர்ந்த ராதிகா நாக்பால் 2013-ல் எழுதிய ஒரு கட்டுரையை மூத்தவர் அனுப்பியிருந்தார். டென்யூர் என்ற நினைப்பையே தள்ளிவைத்து, அந்த வேலையை 7 ஆண்டு ஆராய்ச்சிப் பணியாக மட்டும் பார்த்ததாகவும், வாரத்துக்கு இத்தனை மணி நேரம், ஆண்டுக்கு இத்தனை பயணம் என்று தனக்கே எல்லை வைத்துக்கொண்டதாகவும் அவர் எழுதியிருந்தார். மனம் சோரும்போது திறந்து பார்க்க, நல்ல கடிதங்களைத் தனியாகச் சேர்த்து வைத்ததையும் சொல்லியிருந்தார். அவளும் சேர்க்கத் தொடங்கினாள். முதலில் வைத்தது, தன் கிணற்றைச் சோதித்துச் சொன்னதற்கு ஒரு விவசாயியின் மனைவி கையால் எழுதி அனுப்பிய நன்றிக் கடிதம். பேத்திக்குப் பால் கரைக்க இப்போது வேறு தண்ணீர் வாங்குகிறார்களாம்.

புதிய பேராசிரியர்களைப் பல ஆண்டுகள் கவனித்த உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், விடுமுறை வரட்டும், மொத்தமாக எழுதலாம் என்று காத்திருப்பவர்களைவிட, தினமும் கொஞ்ச நேரம் எழுதுபவர்களே அதிகம் எழுதி முடிக்கிறார்கள் என்று சொன்னவர். அவளும் மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, மின்னஞ்சலைத் திறக்கும் முன் முக்கால் மணி நேரம் எழுதினாள். பாடத்தில் வேகத்தைக் குறைத்தாள். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் வாரமே மாணவர்களின் பெயர்களைக் கற்றாள்.

புதன்கிழமைக் காலைகளில் அப்பாவோடு வீடியோவில் 15 நிமிடம். அவர் இடது கையால் எழுதிப் பழகிய பக்கங்களைக் காட்டுவார். அந்த 15 நிமிடத்தில் வேறு எந்த ஜன்னலும் அவள் கணினியில் திறந்திருக்காது.

அந்தப் பெரிய நிதி மூன்றாவது முறையும் கிடைக்கவில்லை. ஆனால், கிணற்று நீர் ஆய்வுக்கு வேறு இரண்டு சிறிய நிதிகள் கிடைத்தன. மாணவர்களுக்கு உதவித்தொகை நிற்கவில்லை.

2017 கோடையில் கோப்பைக் கொடுத்தாள். அதன் பிறகு அவள் செய்ய ஒன்றும் இல்லை. அவள் இல்லாத அறைகளில், அவளைப் பற்றி, அவளுக்குத் தெரியாதவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

2018 ஏப்ரலில் டீன் கூப்பிட்டார். இரண்டு நிமிடப் பேச்சு. போனை வைத்துவிட்டு மூத்தவரின் அறைக்குப் போனாள். ஏழு ஆண்டில் முதல் முறையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். ஊரில் ராத்திரி மணி பன்னிரண்டு. அம்மா பதறிக்கொண்டு எடுத்தாள். விஷயம் தெரிந்ததும் அப்பாவை எழுப்பி உட்கார வைத்தாள்.

"பர்மனென்ட்டா?" என்றார் அவர். அந்த வார்த்தை மட்டும் குழறாமல் வந்தது.

"ஆமாம்ப்பா. பர்மனென்ட்."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அல்வா வாங்கச் சொல்வார் என்று அவள் நினைத்தாள்.

"அப்ப… இனிமே லீவு போடலாம்ல?"

"அப்பவே போட்டிருக்கலாம்ப்பா" என்றாள் அவள். "நாம ரெண்டு பேருமே."

ஜூனில் மகனுக்குப் பள்ளி விடுமுறை. அன்று ராத்திரியே டிக்கெட் பார்க்க உட்கார்ந்தாள். முதல் ஆளாக அத்தைக்குத்தான் போன் போட்டுத் தேதியைச் சொன்னாள்.